தூரம் ஜாஸ்தி

அத்தியாயம் பதினேழு

இப்போதெல்லாம் எவனும் அவனவன் வேலையை அவனவன் செய்வதில்லை. அடுத்தவனிடம் அனுப்பி வைப்பதுதான் வேலை என்று ஆகிவிட்டது. கரண்டு இல்லை என்று சொல்லப் போனால் மேல் ஆபீஸுக்குப் போ என்கிறான். மேல் ஆபீஸில், கீழே கேட்காமல் ஏன் வந்தாய் என்கிறான். செருப்பு அறுந்தால்கூடத் தைக்கிறவன் வேறு, ஒட்டுகிறவன் வேறு. ஒரு ஆள் உட்கார்ந்து ஒரு காரியத்தை ஆரம்பித்து அவனே முடித்த காலம் மலையேறிவிட்டது.

வாஷருக்கு இந்த எண்ணம் இன்று நேற்று வந்ததல்ல. ஆனால் இன்று காலை அந்த ஆஸ்பத்திரிக் கூடத்தில், இரும்புப் பட்டையால் ஒன்றோடொன்று பிணைத்த நாற்காலி வரிசையில், மருமகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, அது தொண்டை வரை வந்து நின்றது.

அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருந்தது. பென்ஷன் ஆபீசைத் தவிர வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. வேலை பார்த்த காலமெல்லாம் தண்ணீர் பம்பு மெக்கானிக். எந்தப் பம்பு ஒழுகினாலும் தூரத்திலிருந்தே "வாஷர் போயிருக்கும்" என்பார். பாதிக்கு மேல் அதுவாகத்தான் இருக்கும். இல்லாவிட்டாலும் வாஷரை மாற்றிவிட்டுத்தான் மற்றதைத் தொடுவார். பேர் ஒட்டிக்கொண்டது.

போன வாரம் மருமகள், தான் வேலை பார்க்கிற பெரிய கடையில், பில் போடுகிற இடத்திலேயே, யாரோ வாங்கிய சோப்புக் கட்டியைக் கையில் பிடித்தபடி சரிந்து விழுந்தாள் அல்லவா. மகன் லாரியோடு எந்த ஊர் ரோட்டிலோ இருந்தான். வாஷர்தான் அவளைக் குடும்ப டாக்டரிடம் கூட்டிப் போனார். பெரிய டாக்டர் ஓய்வெடுத்துக்கொண்ட பிறகு அந்த நாற்காலியில் இருப்பது அவர் மகன், சின்ன டாக்டர். சின்ன வயசிலிருந்தே விடுதிகளில் வளர்ந்து, படித்துவிட்டு வந்த பையன்.

"என்ன செய்யுது?" என்று அவன் கேட்டதும் மருமகள் மாமனாரை ஒரு பார்வை பார்த்தாள். "வயித்து வலி" என்றாள். இரண்டு வருஷமாக அவள் சொல்லிவரும் வயித்து வலி. இரண்டு வருஷமாக அவளுக்குக் கொடுத்துவரும் ரோஸ் நிற மருந்து.

அன்று வாஷர் தன் ஆயுசில் செய்யாத ஒன்றைச் செய்தார். வீட்டில் இருக்கிற மனுஷன், கண் இருக்கிறது. மாதத்தில் பாதி நாள் மருமகள் சுண்ணாம்புச் சுவர் மாதிரி வெளுத்து நடமாடுவதையும், கதவைச் சாத்திக்கொண்டு சுருண்டு கிடப்பதையும் பார்க்காமல் இல்லை. எதிர்ச்சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "மருமகளுக்குத் தூரம் ஜாஸ்தி, தம்பி."

பெண்கள் மாதாமாதம் ஒதுங்கி உட்காருவதற்கு அவர் அம்மா சொன்ன வார்த்தை அது. அவர் மனைவி சொன்ன வார்த்தை. வீட்டுக்குத் தூரம் என்றால் அதற்கு மேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். ஆம்பளைகள் அதைக்கூடச் சொல்வதில்லை. அன்று சொன்னார். காது மடல் சூடாகிவிட்டது. மருமகள் தரையைப் பார்த்தாள். சின்ன டாக்டர் தலையை ஆட்டி, "புரியுது ஐயா" என்று சொல்லி, ஸ்பெஷலிஸ்டுக்கு லெட்டர் எழுதிக் கொடுத்துவிட்டான்.

சுமையை இறக்கியாகிவிட்டது என்றுதான் வாஷர் நினைத்தார்.

"மாமா, அந்தப் போர்டைப் பாத்தீங்களா?" மருமகள் மெதுவாகக் கேட்டாள்.

"போர்டுல என்ன இருக்கு. டாக்டர்னு போட்டிருக்கு."

"இரைப்பை, குடல்னு போட்டிருக்கு."

"எல்லாம் அந்தப் பக்கந்தானே இருக்கு. அனுப்பினவனுக்குத் தெரியாதா?"

அவள் கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். உட்கார்ந்ததிலிருந்து அவள் அசையவே இல்லை என்பதை வாஷர் அப்போதுதான் கவனித்தார். சாய்ந்துகொள்ளவும் இல்லை. நீண்ட நேரம் வண்டி ஓட்டுகிறவன் மாதிரி முதுகு விறைத்திருந்தது.

அறைக்குள்ளிருந்து டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவர்களுடைய நம்பர்.

"எந்திரி."

அவள் எழவில்லை.

"ஏம்மா, நம்ம நம்பர்தான். எந்திரி."

"நீங்க போங்க மாமா."

"நான் போயி? எனக்கா வயித்து வலி?"

"என்னால எந்திரிக்க முடியாது."

"கால் மரத்துப் போச்சா? கையைப் புடி."

அவர் நீட்டிய கையை அவள் பிடிக்கவில்லை. கன்னம் இரண்டும் இறுகிக் கிடந்தன. மறுபடி நம்பரைக் கூப்பிட்டார்கள். பின்வரிசையில் ஒருவன், "வரலைன்னா எங்களை விடுங்க" என்றான். வாஷர் அவனை முறைத்துவிட்டு, காலையிலிருந்து காத்த முறையை விட மனமில்லாமல், தான் மட்டும் உள்ளே போனார்.

வயிற்று ஸ்பெஷலிஸ்ட் வழுக்கைத் தலை, சுறுசுறுப்பான ஆள். "உக்காருங்க ஐயா. எங்க வலிக்குது?"

"எனக்கில்லை. மருமகளுக்கு."

"அவங்க எங்க?"

"வெளியில உக்காந்திருக்கா."

"அப்ப நான் யார் வயித்தை அமுக்கிப் பாக்கறது? உங்க வயித்தையா?"

"அவ எந்திரிக்க மாட்டேங்கறா தம்பி. கேட்டா முடியாதுங்கறா. இந்தக் காலத்துப் பொண்ணுங்க."

ஸ்பெஷலிஸ்ட் பேனாவை மூடி வைத்தான். பக்கத்தில் நின்ற சிஸ்டரைப் பார்த்தான். சிஸ்டர் வெளியே போனாள். கதவு இடுக்கு வழியாக வாஷருக்குத் தெரிந்தது: சிஸ்டர் குனிந்தாள், மருமகள் அவள் காதில் ஏதோ சொன்னாள், சிஸ்டர் தலையைக்கூட ஆட்டாமல் உள்ளே வந்து, அலமாரியிலிருந்து மடித்த போர்வை ஒன்றை எடுத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அதைத் தோளிலிருந்து சுற்றிவிட்டுக்கொண்டே மருமகளை எழுப்பினாள். இருவரும் நடைபாதைக் கோடியில் இருந்த குளியலறைப் பக்கம் நடந்தார்கள். மருமகள் இருந்த நாற்காலியைத் துடைக்க ஒரு ஆள் வந்தான்.

வாஷர் தலையைத் திருப்பிக்கொண்டார். திருப்பிய பக்கம் சுவரில் குடலின் படம் மாட்டியிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சிஸ்டர் திரும்பி வந்து ஸ்பெஷலிஸ்டிடம் தணிந்த குரலில் பேசினாள். அவன் கேட்டுக்கொண்டு, லெட்டரை மடித்து வாஷரிடமே நீட்டினான்.

"ஐயா, உங்க மருமக என் பேஷன்ட் இல்லை. பெண்கள் பிரிவுக்குப் போகணும். இதே கட்டடந்தான், மேல் மாடி."

"அப்ப நீங்களே ஒரு வரி எழுதிக் கொடுங்க."

"நான் எழுதினா அங்க எடுத்துக்க மாட்டாங்க. உங்க குடும்ப டாக்டர் எழுதணும்."

"அவன்தானே இங்க அனுப்பினான்?"

"அவர் தப்பான இடத்துக்கு எழுதிட்டார்."

"தப்பான இடத்துக்கு வந்தவளைச் சரியான இடத்துக்கு அனுப்ப, தப்பா அனுப்பினவன்கிட்டயே போகணுமா?"

ஸ்பெஷலிஸ்ட் சிரிக்கவில்லை. "முறை அப்படித்தான் ஐயா. சீக்கிரம் போங்க. மேல இன்னிக்கு மதியத்தோட பட்டியலை மூடறாங்க. விட்டா, மறுபடி பேர் எழுத மூணு மாசம் ஆகும். இவங்க உடம்புல ரத்தம் இல்லை. முகத்தைப் பாத்தாலே தெரியுதுன்னு சிஸ்டர் சொல்றாங்க. மூணு மாசம் தாங்காது."

மேல் மாடிக்கு ஏறினார்கள். மருமகள் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று நின்று ஏறினாள். போர்வை இன்னும் இடுப்பில் இருந்தது. மேலே கண்ணாடிக்குப் பின்னால் பேர் எழுதுகிற பெண் ஒருத்தி.

"லெட்டர்?"

வாஷர் நீட்டினார். அவள் பார்த்தாள். "இது கீழ்மாடிக்கு."

"கீழ்மாடிதான் மேல அனுப்பினான்."

"எங்களுக்குன்னு எழுதின லெட்டர் வேணும் ஐயா."

"ஆளே வந்து நிக்கறா. லெட்டர் எதுக்கு?"

"ஆளை வெச்சு எழுத முடியாதுங்க. லெட்டரை வெச்சுத்தான் எழுத முடியும்."

வாஷர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் மேல் தப்பில்லை என்பது அவருக்கே தெரிந்தது. அதனால் கோபம் இன்னும் ஏறியது. இரண்டு அடி தள்ளி, அடைத்த கதவுக்கு அந்தப் பக்கம் பெண்கள் டாக்டரம்மா பேசுகிற சத்தம்கூடக் கேட்கிறது. ஆனால் அந்தக் கதவுக்குப் போகும் வழி, பஸ் ஏறி, ஊர் திரும்பி, சின்ன டாக்டரின் மேஜையைச் சுற்றிக்கொண்டு வருகிறது. பஸ்ஸில் போய்த் திரும்புவதற்குள் பட்டியலை மூடிவிடுவார்கள். தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது என்றால் இதுதான்.

"போன் பண்ணலாம் மாமா" என்று மருமகள் சொன்னாள். "கிளினிக் நம்பர் இருக்கு."

"கொண்டா. நான் பேசறேன். அவனுக்கு நான் சொன்னதுதானே."

பம்பு இரைச்சலில் பாதி போன காது வாஷருக்கு. மருமகள் நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரையும் போட்டு அவர் கையில் கொடுத்தாள். கூடம் முழுக்கப் பெண்கள். ஆண்பிள்ளை என்று வாஷர் ஒருவர்தான், ஒரு கைக்குழந்தையைத் தவிர.

"ஹலோ, யாரு?" சின்ன டாக்டரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"நான்தான் தம்பி, வாஷர். என்ன இப்படிப் பண்ணிட்டே? உன்கிட்ட என்ன சொன்னேன், நீ எங்க அனுப்பியிருக்கே?"

"ஏன் ஐயா, ஆஸ்பத்திரி சரியில்லையா?"

"நான் அன்னிக்கே சொன்னேனா இல்லையா, மருமகளுக்குத் தூரம் ஜாஸ்தின்னு?"

"சொன்னீங்க ஐயா. அதனாலதானே பக்கத்து ஊரா பாத்து எழுதிக் கொடுத்தேன். நல்ல வயித்து டாக்டர் தலைநகர்லயும் இருக்கார். அவ்வளவு தூரம் அலைய முடியாதுன்னு சொல்றீங்கன்னு நினைச்சேன்."

வாஷருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"என்ன பக்கத்து ஊரு? நான் சொன்னது தூரம்."

"தெரியும் ஐயா. ஆனா இதைவிடக் கிட்ட எதுவும் இல்லையே."

எதிர் நாற்காலியில் காலில் கட்டுப் போட்டிருந்த ஒரு பெரியம்மா முதலில் வாயைப் பொத்தினாள். தோள் குலுங்கியது. அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள், "என்ன?" என்று கேட்க, பெரியம்மா காதில் சொல்ல, அந்த வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. சின்னப் பெண்கள் சிலருக்கு மட்டும் ஏன் என்று தெரியவில்லை. அவர்களுக்கும் சொன்னார்கள்.

"தம்பி, தூரம்னா..." வாஷர் நிறுத்தினார். தூரம் என்றால் என்ன என்று சொல்ல அவரிடம் வேறு வார்த்தை கிடையாது. உள்ளே தேடிப் பார்த்தார். அவர் பேசிய காலம் முழுக்க அந்த இடத்தில் அந்த ஒரே வார்த்தைதான் இருந்தது. அதுவும் சொல்லாமல் இருப்பதற்காக வைத்திருந்த வார்த்தை. "தூரம்னா, அதுதான்ப்பா. வீட்டுக்குத் தூரம். லேடீஸ் விஷயம்."

"வீட்டுக்குத் தூரமா? வீட்டுக்கு எந்த ஆஸ்பத்திரி கிட்டன்னு கேக்கறீங்களா? சரியாக் கேக்கலை ஐயா, கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க."

வாஷர் போனை அணைக்கப் பார்த்தார். எங்கே அழுத்துவது என்று தெரியவில்லை. அழுத்திய இடத்தில் சத்தம் இன்னும் கூடியது. "ஹலோ, ஐயா, ஹலோ" என்று அது அவர் உள்ளங்கையில் கிடந்து கத்தியது. படிக்கட்டுக்கும் அவருக்கும் நடுவில் சிரிக்கிற பெண்கள். ஓடவும் முடியாது.

மருமகள் அவர் கையிலிருந்து போனை எடுத்தாள். ஸ்பீக்கரை நிறுத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் நிறுத்தவில்லை. மறந்துவிட்டாளா, வேண்டுமென்றேவா என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை.

"டாக்டர், நான் பேசறேன். எனக்கு மாதவிடாய்ல பிரச்சினை. பத்துப் பன்னெண்டு நாள் நிக்காமப் போகுது. கட்டி கட்டியாப் போகுது. வலியில நிக்க முடியலை. கடையில விழுந்தது அதனாலதான். இப்பக்கூட நான் வேற ஒருத்தர் போர்வையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன்."

கூடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. பெரியம்மா கட்டுப் போட்ட காலை இழுத்து வைத்துக்கொண்டாள். வாஷர் ஜன்னலைத் தேடினார். ஜன்னல் தூரத்தில் இருந்தது.

"எவ்வளவு நாளாம்மா?" சின்ன டாக்டரின் குரல் மாறியிருந்தது.

"ரெண்டு வருஷமா."

"ரெண்டு வருஷமா என்கிட்ட வந்திட்டிருக்கீங்க. ஏன்மா ஒரு தடவைகூடச் சொல்லலை?"

"ஒரு தடவையாவது என்னைத் தனியா வெச்சுக் கேட்டீங்களா? நீங்க கேட்ட கேள்விக்கெல்லாம் மாமாதான் பதில் சொன்னார். நானும் மாசாமாசம் வயித்து வலின்னேன். மாசாமாசம் எதுக்கு வலிக்குதுன்னு நீங்களும் கேக்கலை."

போனில் சின்ன டாக்டர் தாள்களைப் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"மாமா சரியாத்தான் சொன்னார்" என்றாள் அவள். "எங்க வீட்டுல அதுக்கு அந்த வார்த்தைதான். உங்களுக்குத் தெரியலை. அவ்வளவுதான். இப்ப மேல்மாடிக்கு ஒரு லெட்டர் வேணும் டாக்டர். மதியத்துக்குள்ள."

"போனை வெச்சிடாதீங்க. கவுண்டர்ல இருக்கறவங்ககிட்டக் கொடுங்க. இங்கேருந்தே அனுப்பறேன்."

லெட்டர் கம்பி வழியாக வந்ததோ காற்று வழியாக வந்ததோ, வாஷருக்குத் தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெட்டி கரகரவென்று சத்தம் போட்டுத் தாளைத் துப்பியது. ஆளை வைத்து எழுத முடியாத பெண், தாளை வைத்து மருமகளின் பேரை எழுதிக்கொண்டாள். பட்டியலில் கடைசிப் பேர். அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

"கூட வீட்டுக்காரர் வரணும்" என்றாள்.

"அவர் லாரியில இருக்கார்."

"வரச் சொல்லுங்கம்மா. ஸ்கேன் பாத்துட்டு மருந்தாலயே சரியாகலாம். ஆபரேஷன் வேணும்னும் சொல்லலாம். குழந்தை?"

"இன்னும் இல்லை."

"அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து முடிவு பண்ற மாதிரி இருக்கும். அவருக்கு விவரம் தெரியுமில்ல?"

மருமகள் தாளை வாங்கிக்கொண்டாள்.

படி இறங்கும்போது வாஷர் இரண்டு படி முன்னால் போனார். திரும்பாமலே பேசினார்.

"இப்பவே சொல்லிட்டேன். ஸ்பெஷலிஸ்ட்டுன்னா பம்பைக் கழட்டாம விடமாட்டான். உன் மாமியார் முழங்கால் வலின்னு போனா. முழங்கால் டாக்டர் நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பினான், நரம்புக்காரன் இருதயத்துக்கு அனுப்பினான். எல்லாரும் ஒண்ணுமில்லைன்னு எழுதிக் கொடுத்த மாசமே போய்ச் சேர்ந்தா."

"ரெண்டு வருஷமா வாஷரை மட்டுந்தானே மாத்திட்டிருந்தோம் மாமா. ஒழுக்கு நின்னுதா?"

அவருக்குச் சுருக்கென்றது.   "பம்பு வேற, மனுஷி வேற" என்றார், பேச்சைத் தானே ஆரம்பித்ததை மறந்து.

வாசலில் வெயில் கொளுத்தியது. மருமகள் ஆஸ்பத்திரிச் சுவரோரம் நிழலில் நின்றாள். போர்வையைத் திருப்பித் தரப் போனபோது, "அடுத்த வாரம் கொண்டாங்க" என்று சிஸ்டர் சொல்லிவிட்டிருந்தாள். அதற்குள் போன் அடித்தது. மகன்.

அவள் பேரைப் பார்த்தாள். எடுக்கவில்லை. கூடத்தில் அத்தனை பேர் நடுவில் நிமிர்ந்து பேசினவளுக்கு, இப்போது விரல் எழவில்லை. முகம் காலையில் நாற்காலியில் இருந்த முகமாகிவிட்டது.

"எடும்மா. அடிச்சிட்டே இருக்கான்."

"அவருக்கு கேஸ் டிரபிள்னுதான் தெரியும் மாமா. கல்யாணமானதுலேருந்து குழந்தை எப்ப, எப்பன்னு கேக்கற மனுஷன்கிட்ட நான் எங்கேருந்து ஆரம்பிக்கறது. நீங்க பெத்தவர். நீங்க சொல்லுங்க."

வாஷர் போனை வாங்கினார். பெற்றவனுக்கே பயப்படாதவன், நான் பெற்றவனிடம் பேசவா பயப்படப் போகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

"என்னப்பா, டாக்டர் என்ன சொன்னார்?" லாரி இரைச்சலுக்கு மேல் மகன் கத்தினான். "வயிறு எப்படி இருக்கு அவளுக்கு?"

"வயிறு இல்லைடா."

"பின்ன?"

வாஷர் மருமகளைப் பார்த்தார். அவள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாதவிடாய் என்று அவள் சொன்ன வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. அங்கேயே நின்றுகொண்டது. தள்ளிப் பார்த்தார். நகரவில்லை.

"அவளுக்கு... தூரம்டா. தூரம் ஜாஸ்தியா இருக்கு."

"தூரமா? எங்கப்பா போயிட்டீங்க? பக்கத்து ஊர்னுதானே சொன்னா?"

வாஷர் கண்ணை மூடித் திறந்தார். தன் ரத்தம். தன் வீட்டில், அந்த வார்த்தையைப் பேசின மனுஷி வயிற்றில் பிறந்து, அவள் கையால் வளர்ந்தவன். அவன் இருக்கும்போது வாயைத் திறக்காதே என்று வீட்டில் எல்லாரும் எல்லாரையும் அடக்கி வைத்ததில், அவனுக்கு அந்த வார்த்தையும் தெரியாது, வேறு வார்த்தையும் தெரியாது.

"இந்தா, உன் புருஷன்" என்று போனை மருமகளிடம் நீட்டினார். "நீயே சொல்லு. எனக்கு இதெல்லாம் வராது."

"மாமா, இருங்க."

"பஸ் வந்துரும். நான் போய் இடம் புடிக்கறேன்."

பஸ் வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது என்பது இருவருக்குமே தெரியும். அவர் நடந்தார். முதுகுக்குப் பின்னால் மகனின் குரல், "ஹலோ, ஹலோ, யாராவது பேசுங்க" என்றது. அப்புறம் மருமகளின் குரல்.

"நான்தான். வண்டியை ஓரமா நிறுத்துங்க. நிறுத்திட்டுச் சொல்லுங்க, அப்புறம் சொல்றேன்."

வாஷர் திரும்பவில்லை. வண்டி நின்றதா என்று கேட்கவும் இல்லை. எது எப்படியானாலும், ஒரு உடம்புக்கு ஒரு டாக்டர் போதாது என்று எவன் சொன்னாலும் அவர் நம்புவதாக இல்லை. பெரிய டாக்டர் இருந்திருந்தால் அன்றைக்கே புரிந்திருக்கும். ரோஸ் மருந்திலேயே ஏதாவது கலந்து கொடுத்திருப்பார். ரோட்டோரக் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் நின்று, இறுக்கிப் பார்த்தார். நிற்கவில்லை.

"வாஷர்தான்" என்று முணுமுணுத்துவிட்டு, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தார்.